நிறைகுடமும் ஐந்தாம் சில்லும்

1

போன கிழமை நான் முகநூலில் ஒரேயொரு படம் போட்டேன். வெள்ளை நிறத்தில் நீளமான ஒரு பெட்டி. அதன் மூக்கு ஒரு கறுப்புப் பிக்கப்பின் முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கதவில் சாய்ந்தபடி நான், கையில் வண்டித் திறப்பு. அவ்வளவுதான். அடுத்த நாள் விடிவதற்குள் இலங்கையில், எங்கள் கடற்கரை ஊரான உடப்பிலிருந்து தம்பி கோல் எடுத்துவிட்டான்.

"அக்கா, வீட்ட வித்துட்டீங்களா?"

"ஆருடா சொன்னது?"

"சந்தியில எல்லாரும் அதத்தான் கதைக்கிறாங்க. கனடாவில இருக்க இடமில்லாம லொறிக்குள்ள குடியிருக்கிறீங்களாம். பெரியம்மா ஒரு மூச்சு அழுது முடிச்சிட்டா."

பெரியம்மாவின் அழுகை எனக்குத் தெரியும். ஒருமுறை தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரரையும் சேர்த்துக்கொண்டுதான் ஓயும். ஆகவே சந்திக்கும் பெரியம்மாவுக்கும் சேர்த்து ஒரே தடவையில் பதில் எழுதிவிடுகிறேன். வீடு விற்கவில்லை. அது லொறியும் இல்லை. உள்ளே கட்டில், சமைக்கிற குசினி, குளிக்கிற இடம், அலுமாரி எல்லாம் உள்ள ஓர் ஓடும் வீடு. சாதாரண ட்ரெய்லர் என்றால் வண்டியின் பின்பக்கத்தில் கொளுவிக்கொண்டு வரும். இது அப்படியில்லை. பிக்கப்பின் பெட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே, குதிரை லாடம் போல ஓர் இரும்புப் பூட்டுப் பொருத்தியிருக்கும். ட்ரெய்லரின் மூக்கிலிருந்து இறங்குகிற தடித்த இரும்பு முளை அதற்குள் விழுந்து பூட்டிக்கொள்ளும். இந்த ஊர்க்காரர் அந்தப் பூட்டையும் வண்டியையும் சேர்த்தே 'ஃபிஃப்த் வீல்', ஐந்தாம் சில்லு, என்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இதை ஏன் வாங்கினோம், எப்படி இழுத்தோம் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் நான் ஜெயித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடக்கமாக எழுதுவதற்கு எனக்கு வராது, உடப்பில் எவருக்கும் வராது.

2

எங்கள் ஒரே மகள் கௌரி தாதி. மலைகளுக்கு அப்பால், பிரிட்டிஷ் கொலம்பியாவில், பள்ளத்தாக்குக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் வேலை. நாங்கள் இருப்பது மலைக்கு இந்தப் பக்கம், அல்பேர்ட்டாவின் கோதுமை வெளியில். நடுவில் நிற்கிற மலைகளைக் குறைசொல்லி என்ன பயன்? அவள் எங்களோடு கதைப்பது மலை தாண்டிப் போவதற்கு முன்னமே குறைந்துவிட்டது. நான் நீளமாக ஒரு செய்தி அனுப்பினால் 'ஓகே மா' என்று பதில் வரும். சாப்பிட்டாயா என்று கேட்டால் பெருவிரல் படம் வரும். பிள்ளைத்தாய்ச்சியாக இருப்பதையே, அங்கே மழை பெய்கிறது என்று சொல்வதுபோல்தான் சொன்னாள்.

மருமகன் ரயன் காட்டுத்தீ அணைக்கிற படையில் இருக்கிறான். நல்ல பிள்ளை. என் மீன்குழம்பை மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிடுவான். ஆனால் கோடை வந்தால் அவனைக் காட்டில்தான் தேடவேண்டும். குழந்தை பிறக்கவேண்டியதோ நட்டநடுக் கோடையில்.

"நான் வாறன்" என்றேன்.

"அம்மா, நீங்க வர ஏலாது. எங்கட வீடு ஒரு அறைதானே. மோட்டல் எல்லாத்தையும் ஃபயர் ஆக்களுக்கு எடுத்துட்டாங்க. ஊரில ஒரு கட்டில்கூட இல்ல. பரவால்ல மா, நான் மேனேஜ் பண்ணுவன்."

மேனேஜ் பண்ணுவாளாம். எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவள் துடக்குக் கழியும்வரை பச்சைத் தண்ணீரில் விரல் வைக்க விடமாட்டோம். மிளகும் மஞ்சளும் சேர்த்துச் சரக்கு அரைத்துக் கொடுத்து, சுறா வறுத்துக் கொடுத்து, வெந்நீர் வார்த்து, வேளைக்கு நாலு பேர் சுற்றி நிற்போம். என் பிள்ளை தனியே பெற்று, தனியே எழும்பித் தேத்தண்ணி ஊற்றிக் குடிக்கப் போகிறாள். அன்று பின்னேரம் குசினியில் நின்று இவரிடம் சொன்னேன்.

"அங்க இடம் இல்லாட்டி இடத்த நாங்க கொண்டுபோவம்."

இவர் என் கணவர். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து உடப்புக்கு வந்து, என்னைக் கட்டி, பிறகு என்னையும் இடம்பெயர்த்தவர். இறைச்சி ஆலையில் வேலை செய்து முழங்கால் தேய்ந்துபோய் இப்போது ஓய்வில் இருக்கிறார். உயரமான இடத்தில் நின்றால் தலைசுற்றும் ஆள். ஆசைப்பட்டு ஒரு பெரிய பிக்கப் வாங்கி வைத்திருந்தார், அதில் அதுவரை ஏறிய ஆகப் பெரிய பாரம் ஓர் அரிசி மூட்டை.

"இஞ்சேரும், உமக்கு என்ன விசரே? வீட்டை இழுத்துக்கொண்டு ஆர் மலை ஏறுறது?"

"நான்தான்."

ஒன்று சொல்லவேண்டும். நான் இங்கே பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கண்ணாடி மாதிரி ஐஸ் பிடித்த றோட்டில், விடியாத இருட்டில், ஊரார் பெற்ற பிள்ளைகளைச் சிராய்ப்பு இல்லாமல் கொண்டுபோய் இறக்குகிறவள். கோடையில் பள்ளிக்கூடம் பூட்டு, எனக்கும் லீவு. இதைவிட என்ன பொருத்தம் வேண்டும்?

கௌரியிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. நேரே சொன்னாள்: "அம்மா, மலையில ட்ரெய்லர் பிரேக் எரிஞ்சு உருண்டு வந்தவங்கள நான் வார்டில பாத்திருக்கிறன். எல்லாரும் கூடப் பாரம் ஏத்தினவங்க. நீங்க தராசில ஏத்தி, நிறை அச்சடிச்ச துண்டு எடுத்து, எனக்குப் படம் அனுப்புங்க. சரியா இருந்தா வாங்க. கூட இருந்தா வர வேணாம். சத்தியமா வர வேணாம் மா."

பல மாதங்களுக்குப் பிறகு அவள் என்னிடம் சொன்ன ஆக நீளமான கதை அதுதான். 'சரியா இருந்தா வாங்க' என்றாளே, அதை நான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

3

ட்ரெய்லர் விற்கிற இடத்தில் ஒரு பொடியன் எங்களைக் கண்டதும் பல்லெல்லாம் தெரிய வந்தான். பிக்கப்பை ஒருமுறை சுற்றிப் பார்த்தான். "இது பதினாலாயிரம் இறாத்தல் இழுக்கும், நீங்கள் எதை வேண்டுமானாலும் தெரிவு செய்யலாம்" என்றான். எங்களைக் கூட்டிக்கொண்டுபோய் ஒரு மாளிகையைக் காட்டினான். உள்ளே நெருப்பு எரிகிற மாதிரிக் காட்டும் பெட்டி, ஆளுயரக் குளிர்சாதனப் பெட்டி, ஆடுகிற கதிரைகள் இரண்டு. இவர் ஒன்றில் இருந்து ஆடத் தொடங்கிவிட்டார்.

"இதெல்லாம் சேர்ந்து எவ்வளவு பாரம்?" என்று கேட்டேன்.

"சாமான் ஏற்றி நிரப்பினாலும் பதின்மூவாயிரம்தான். ஆயிரம் மிச்சம் இருக்கிறதே."

இவர் தலையாட்டினார். எனக்கு மனசு கேட்கவில்லை. வெளியே போய் பிக்கப்பின் சாரதிக் கதவைத் திறந்து பார்த்தேன். கதவு பூட்டுகிற இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் ஒட்டு. ஏறுகிற ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இரண்டாயிரத்து அறுநூறு இறாத்தலுக்கு மேல் போகவே கூடாது என்று எழுதியிருந்தது. அதையும் இழுக்கிற கணக்கையும் அருகருகே வைத்துப் பார்த்ததும் எனக்குத் தம்பியின் ட்ராக்டர் ஞாபகம் வந்தது.

உடப்பில் உள்ளவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கரைவலை இழுக்க ட்ராக்டர் வந்த புதிதில், மீன் நிரம்பிய வலைமடியை அது உறுமிக்கொண்டு கரைக்கு இழுத்ததைப் பார்த்துவிட்டு, தம்பி அதற்கு ஏலாதது ஒன்றுமில்லை என்று நினைத்தான். ஒருநாள் ஈர வலை முழுவதையும் அதன் முதுகிலேயே ஏற்றினான். முன் சில்லு இரண்டும் மணலை விட்டு எழும்பிவிட்டன. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் அது தன்பாட்டில் நின்றது. கரையே கூடிநின்று சிரித்தது. இழுக்கிறது வேறு, சுமக்கிறது வேறு. இந்த ஐந்தாம் சில்லு வண்டியை பிக்கப் இழுக்கவும் வேண்டும், அதன் பாரத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தன் முதுகில் சுமக்கவும் வேண்டும்.

உள்ளே வந்து பொடியனிடம் கேட்டேன்: "பதின்மூவாயிரத்தில் ஐந்தில் ஒன்று எவ்வளவு?"

அவன் போனில் தட்டிப் பார்த்தான். "இரண்டாயிரத்து அறுநூறு."

"என் வண்டி சுமக்கக்கூடியதும் அவ்வளவுதான். அப்படியென்றால் நானும் இவரும் பின்னால் நடந்து வரவா?"

அவன் வெறும் வண்டியின் பாரத்தைச் சொல்லி, அது நன்றாகக் குறைவு என்று சமாளித்தான். வெறும் வீட்டோடு ஆராவது பயணம் போவார்களா? ஒரு சட்டி, ஒரு பாய், ஒரு பிடி அரிசி இல்லாமலா? இவரை ஆடுகதிரையிலிருந்து எழுப்புவதுதான் அன்று பெரிய பாடாய்ப் போய்விட்டது.

மூன்று இடம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு விவசாயியின் முற்றத்தில் நின்ற பழைய வண்டியைக் கண்டுபிடித்தேன். நிரப்பினாலும் ஒன்பதாயிரத்து ஐந்நூறைத் தாண்டக்கூடாத சாதி. அதில் ஐந்தில் ஒரு பங்கு, அந்த இரும்புப் பூட்டு, நாங்கள் இரண்டு பேர், எல்லாம் கூட்டினாலும் பிக்கப்பின் எல்லைக்குள் இருநூறு இறாத்தல் மிஞ்சியது. ஆடுகதிரை இல்லை. இவர் வீடு வரும்வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

அதன்பிறகு பின்னேரங்களில் வெறுமையான பள்ளிக்கூட வளவில் பின்னுக்கு எடுத்துப் பழகினேன். ஸ்டியரிங்கை வலம் திருப்பினால் வண்டியின் வால் இடம் போகும். முதல் நாள் ஒரு குப்பைத் தொட்டியைப் படுக்கவைத்தேன். பிறகு பிடிபட்டது.

4

புறப்படுகிற நாள் விடியற்காலையில் எழும்பித் தலைமுழுகி, விளக்கேற்றி, வண்டியை நிரப்பினேன். கௌரிக்குச் சரக்கு, நல்லெண்ணெய், வேர்க்கொம்பு என்கிற சுக்கு, ஐஸில் இறுகின சுறா, இரண்டு மூட்டை அரிசி, தேங்காய். சரக்கை மிக்ஸியில் அரைத்தால் சூடேறி வாசம் கெட்டுவிடும் என்பதால் அம்மியும் குழவியும். படுக்கை அறைக்குக் கீழே, வண்டியின் மூக்குப் பக்கம், பெரிய ஒரு சாமான் அறை இருக்கிறது. எல்லாவற்றையும் அதற்குள் அடுக்கினேன். எல்லாம் சேர்ந்து எவ்வளவு என்று மனசுக்குள் கூட்டிக் கூட்டித்தான் அடுக்கினேன்.

கடைசியாக முற்றத்துப் பைப்பைக் கொளுவி, வண்டியின் தண்ணீர்த் தாங்கியை வழிய வழிய நிரப்பினேன்.

இதை வெள்ளைக்காரர் எவரும் செய்யமாட்டார்கள். போய்ச் சேர்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும்போது ஏன் சுமக்கவேண்டும் என்று கேட்பார்கள். ஆனால் சோழகக் காற்று அடங்கி வள்ளங்கள் மறுபடி கடலில் இறங்குகிற நாளில், உடப்பில் எந்த வள்ளமாவது வெறுமையான தண்ணீர்க் கானோடு இறங்கி நான் பார்த்ததில்லை. நல்ல காரியத்துக்குப் போகிறவன் முன்னால் வெறுங்குடத்தோடு எதிர்ப்படுகிற பெண்ணுக்கு என்ன ஏச்சு விழும் என்பதும் உங்களுக்குத் தெரியும். பிள்ளைப்பேற்றுக்குப் போகிற வீடு நிறைகுடமாய்த்தான் போகவேண்டும். அதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை.

தராசு என்றால் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஊர்க் குப்பை மேட்டின் வாசலில், லொறிகள் ஏறி நிற்கிற தராசு. யன்னலுக்குள் இருக்கிற டோனா என்ற பெண்மணி, "என்ன கொட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

"ஒன்றும் கொட்டவில்லை. வீட்டை நிறுக்க வந்தோம்."

"ஒன்றுமில்லை என்று மெஷின் எடுக்காது. மரமா, புல்லா, இரும்பா, ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள்."

நான் விளக்கினேன். மகள், பிள்ளைப்பேறு, மலை, ஐந்தில் ஒரு பங்கு. அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஏதோ ஒன்றை அமத்தினாள். துண்டு வெளியே வந்தது. பொருள் என்கிற இடத்தில் 'கலப்புக் குப்பை' என்று அச்சடித்திருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"இவ்வளவு காலக் குடும்பத்துக்கு நல்ல பேர் வைச்சிருக்கினம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் நான் அதற்குக் கீழே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டேன். பிக்கப்பை மட்டும் தராசில் நிறுத்தி, ட்ரெய்லரின் சில்லுகளைத் தரையில் விட்டு எடுத்த நிறுவை அது. அதிலிருந்து பிக்கப்பின் வெறும் பாரத்தைக் கழித்தால், சுமக்கக்கூடியதைவிட முந்நூறு இறாத்தல் கூட.

போன் அடித்தது. கௌரியின் செய்தி: 'துண்டு?'

போனைக் கவிழ்த்து வைத்தேன். பின் சில்லுகளைப் பார்த்தேன், வயிறு நசுங்கி உட்கார்ந்திருந்தன. இவர் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன். முகத்தைப் பார்த்தால் அவருக்கும் கவலை. கணக்கில் இருநூறு மிஞ்சியதே, இந்த ஐந்நூறு எங்கேயிருந்து ஏறியது?

"அம்மிய இறக்கட்டே?" என்றார் மெதுவாக.

"அம்மிய இறக்கினா நான் என்னத்துக்குப் போறன்?"

அப்போது உச்சமுனைத் தீவுக்குப் போன வள்ளம் ஞாபகம் வந்தது. சின்னப் பிள்ளையில் ஒரு கலியாணத்துக்குக் கற்பிட்டியிலிருந்து களப்பைக் கடந்து போனோம். சாமானெல்லாம் முன்னணியத்தில் குவிந்து வள்ளத்தின் மூக்குத் தண்ணீரைக் குடிக்கப் பார்த்தது. வள்ளக்காரக் காக்கா, ஒரு முஸ்லிம் அண்ணர், எதையும் இறக்கவில்லை. "தங்கச்சி, அந்தச் சாக்கப் பின்னுக்குத் தள்ளுங்க, வாப்பா நீங்களும் கொஞ்சம் பின்னுக்குப் போங்க" என்று எல்லாரையும் நகர்த்தினார், மூக்கு நிமிர்ந்தது. நான் என்ன செய்திருக்கிறேன்? எல்லாப் பாரத்தையும் கொண்டுபோய் மூக்கிலேயே வைத்திருக்கிறேன். அது அப்படியே பிக்கப்பின் முதுகில் இறங்குகிறது.

இரண்டு பேருமாய்க் குப்பை மேட்டு வாசலில் வைத்து வீட்டை மாற்றி அடுக்கினோம். அம்மி, அரிசி, தேங்காய் எல்லாம் வண்டியின் நடுவுக்கும் பின்னுக்கும், சில்லுகளுக்கு நேர் மேலே போயின. இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தேங்காயை இரண்டு இரண்டாய்க் காவினார். பின்னால் வந்த லொறிக்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். டோனா யன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அந்த அம்மாவின் மகளுக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது, சத்தம் போடாதே" என்று அவர்களை அதட்டினாள். மறுபடி ஏற்றினோம். குறைந்திருந்தது. ஆனால் இன்னும் நூற்றுக்கு மேல் கூட.

நான் வண்டியின் படியில் இருந்துவிட்டேன். இனி எதை எடுப்பது? வேறு ஒரு சாமானும் இல்லையே. தலையில் கைவைத்தபடி கீழே பார்த்தால், காலடியில் மண் ஈரம். வண்டியின் அடியிலிருந்து சொட்டுச் சொட்டாய் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

தண்ணீர். இருநூறு லீற்றர், நானூறு இறாத்தலுக்கு மேல். படுக்கை அறைக்குக் கீழே, மூக்குப் பக்கத்துத் தாங்கியில். உப்புப் பக்கெற் வரைக்கும் கணக்கில் சேர்த்த நான், தண்ணீரைச் சேர்க்கவேயில்லை. தண்ணீரை நான் ஒரு சாமானாக ஒருபோதும் நினைத்ததில்லை.

தாங்கியைத் திறந்துவிடுகிற திருகு சில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. குனிந்து கை வைத்தேன். கை திருப்ப மறுத்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"என்ன யோசிக்கிறீர்? திறந்து விடுமன்."

"பிள்ளப்பேறுக்குப் போற வழியில தண்ணிய நிலத்தில கொட்டிட்டு, வெறுங்குடமாவா போறது? அவளுக்கு ஒண்டு கிடக்க ஒண்டு நடந்தா?"

சகுனம், நாள், நேரம் என்று நான் வாய் திறந்தாலே பகிடி பண்ணுகிற மனுஷன் இவர். அன்று பகிடி பண்ணவில்லை. வண்டிக்குள் ஏறிப்போனார். விளக்கோடு சுற்றி வைத்திருந்த பித்தளைச் செம்பைத் தேடி எடுத்து, குசினிப் பைப்பில் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு இறங்கி வந்தார்.

"இது நிறைஞ்சிருக்குத்தானே? இதை நான் பிடிச்சுக்கொண்டு வாறன். நீர் திறவும்."

திறந்தேன். டோனா ஓடிவந்து தன் பூச்சட்டிகளுக்கென்று இரண்டு வாளி பிடித்துக்கொண்டாள். மீதி குப்பை மேட்டின் தூசியை அடக்கியது. மூன்றாம் தடவை ஏறினோம். எல்லைக்கு நன்றாகக் கீழே. செம்பும், செம்பைப் பிடித்திருந்த மனுஷனும் அதில் அடக்கம்.

துண்டைப் படம் பிடித்து அனுப்பினேன். கௌரியின் பதில் வந்தது: 'ஏன் மா கலப்புக் குப்பை?' அடுத்த வரியில்: 'கெதியா வாங்க.'

5

மலையைப் பற்றி நிறையச் சொல்வதற்கில்லை. இஞ்சின் உறுமியது, ஏறியது. ஏற்றத்தில் எவரும் ஏறிவிடலாம், இறக்கத்தில்தான் கெட்டித்தனம் வேண்டும். கீழ் கியரில் விட்டு, பிரேக்கை அமத்துவதும் விடுவதுமாய், சும்மா அழுத்திப் பிடிக்காமல் இறங்கினேன். பஸ் ஓட்டிய கால் அல்லவா, அதற்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. இவர் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் செம்பை வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தபடி, அதன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார். பள்ளத்தைப் பார்த்துப் பயப்பட அவருக்கு நேரம் இல்லை. ஒவ்வொரு வளைவிலும், "பாத்து, தளம்புது" என்பார். எனக்குப் பக்கத்தில் அதைவிட நல்ல மீட்டர் ஒன்று இருக்கமுடியாது. தண்ணீர் தளும்பாமல் எடுத்தால் வண்டியும் குலுங்காது.

அடிவாரத்தில் லொறிகள் நின்று பிரேக் பார்க்கிற இடத்தில் நானும் இறங்கி, ஒவ்வொரு சில்லுக்கும் கிட்டக் கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒரு கிழட்டு லொறிக்காரர் என்னையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இவரிடம் போய், "உங்கள் சாரதி நல்ல சாரதி" என்றார். இவர் செம்போடு நின்று, "எனக்கும் தெரியும்" என்றார். என் முகத்துக்கு நேரே ஒருநாளும் சொல்லாதவர்.

கௌரியின் வீட்டுச் சொந்தக்காரி, ஆற்றங்கரையில் தன் வளவில் வண்டியை விட இடம் தருவதாகச் சொல்லியிருந்தாள். போய்ப் பார்த்தால் இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு சந்து. கௌரி வாசலில் நின்றாள், வயிற்றில் ஒரு கை, இடுப்பில் ஒரு கை. "அம்மா, ஏலாட்டி ரயன்ட ஃப்ரெண்ட கூப்பிடவா?" என்றாள். நான் யன்னலை இறக்கி, "நீ அந்தப் பக்கம் தள்ளி நில்லு பிள்ள" என்றேன். ஒரே எடுப்பில் பின்னுக்கு விட்டேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம். இறங்கியதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நடுவில் வயிறு இருந்தபடியால் முழுதாய்ப் பிடிக்க முடியவில்லை.

ரயன் காட்டில் இருக்கும்போதே அவளுக்கு நோவு கண்டது. தான் வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கட்டிலில் படுத்தாள். கூட வேலை செய்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் ஆங்கிலத்தில் பகிடி விட்டாள். பிறகு ஆங்கிலம் நின்றுபோனது. என் கையைப் பிடித்த பிடியில் விரல்கள் நசுங்கின.

"அம்மா, போகாதீங்க. இங்கயே நில்லுங்க அம்மா."

மேனேஜ் பண்ணுவேன் என்றவள். நான் போவேனா? மலையைத் தாண்டி வீட்டையே இழுத்துக்கொண்டு வந்தவள் அந்தக் கட்டிலடியை விட்டு அசைவேனா? நன்றாக விடிந்தபிறகு பேரன் பிறந்தான். ஊரே கேட்கிற மாதிரிக் கத்தினான். அவனைத் தராசில் போட்டு நிறுத்தபோது கௌரி களைத்துப்போன முகத்தோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "கூடவா மா?" என்றாள். இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினோம். தாதிமார் எங்களுக்கு என்ன பிடித்துவிட்டது என்று பார்த்தார்கள்.

வெளியே நடையில் இவர் கதிரையில் இருந்தார். செம்பு மடியில். எதற்கு என்று கேட்டேன். "நீர் சொல்லாமல் எங்கை வைக்கிறது?" என்றார். வீட்டுக்கு வந்தபிறகு அந்தத் தண்ணீரை வெந்நீரோடு கலந்துதான் பேரன் நீலனுக்கு முதல் முழுக்கு வார்த்தேன்.

6

ரயன் வந்து பிள்ளையைத் தூக்கியதும், நான் சரக்கு அரைத்ததும், கௌரி முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுவதையும் குடித்ததும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடம் தொடங்கியபோது நாங்கள் பிக்கப்பில் திரும்பினோம். ஐந்தாம் சில்லு பனி முழுக்க ஆற்றங்கரையிலேயே கிடந்தது. இந்தக் கோடைக்கு மறுபடி போனோம். நீலனின் முதல் பிறந்தநாளை எங்கள் வீட்டில் செய்வது என்று கௌரியே சொன்னாள். ரயன் தீ வேலை முடிந்ததும் பின்னால் வருவான். நாங்கள் சொந்த வீட்டை இழுத்துக்கொண்டு திரும்பவேண்டும், இந்த முறை பின் ஆசனத்தில் இரண்டு பேர் கூட.

கணக்கை எடுத்தேன். கௌரி, நீலன், அவனைக் கட்டிவைக்கிற இருக்கை, அவனுடைய ஆயிரம் சாமான். கொஞ்சம் இறுக்கமாகத்தான் இருந்தது. எதை இறக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டு நிற்கும்போது கௌரி வந்தாள்.

"அம்மா, அம்மிய இங்க விட்டுட்டுப் போங்களன்."

"உனக்கு என்னத்துக்கு?"

"மிக்ஸியில அரைச்சா அந்த வாசம் வரல்ல. நான் மூண்டு தரம் அரைச்சுப் பாத்தன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தேன். இவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து அம்மியைக் கௌரியின் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தோம். அம்மி இருந்த இடத்தில் நீலனின் உடுப்புப் பெட்டி ஏறியது. நீங்கள் பார்த்த படம் அப்போது, ஒருநாள் லீவில் வந்து நின்ற ரயன் எடுத்ததுதான். பெரியம்மாவிடம் சொல்லுங்கள், படத்தில் என் முகம் வீங்கியிருப்பது வறுமையால் இல்லை.

அந்த ஊரின் தராசும் குப்பை மேட்டில்தான் இருக்கிறது. ஏறி நின்றோம். யன்னலுக்குள் இருந்தவர் குனிந்து, "என்ன கொட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டார்.

"ஒன்றும் கொட்டுவதற்கில்லை" என்றேன். "எல்லாம் கொண்டுபோவதற்குத்தான்."

துண்டு வந்தது. எல்லைக்குள். இவரிடம் நீட்டினேன், அவர் கண்ணாடியைத் தேடினார். அவருடைய இரண்டு கையும் வெறுமையாக இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"செம்பு எங்க?"

பின்னாலிருந்து பதில் வந்தது. திரும்பிப் பார்த்தேன். நீலன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுக்குப் பக்கத்தில் கௌரி, முழங்கால் இரண்டுக்கும் நடுவில் செம்பை வைத்து, இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள்.

"என்னட்ட இருக்கு மா. நிறைய ஊத்திட்டன். நீங்க பாத்து ஓடுங்க, தளம்பும்."